தலைக்கு இவ்வளவு

அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில், ஆர்கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹெலீனா என்ற ஊர் இருக்கிறது. 1865 ஏப்ரல் 26 காலை அங்கே வந்து நின்ற ஒரு நீராவிப் படகை தாமஸ் பேங்க்ஸ் என்ற உள்ளூர்ப் புகைப்படக்காரர் படம் எடுத்தார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. படகு எப்படி இருந்தது என்று பார்க்கப் போனால் ஆட்கள்தான் கண்ணில் படுகிறார்கள். கீழ்த்தளத்தில் ஆட்கள். இரண்டாம் தளத்துக் கம்பி ஓரமெல்லாம் ஆட்கள். மேல்தளத்திலும் அதற்கும் மேலே அறைகளின் கூரையிலும் ஆட்கள். துடுப்புச் சக்கரத்தை மூடியிருக்கும் பெட்டியின் உச்சியைக்கூட விடவில்லை. உட்கார இடமில்லாமல் பெரும்பாலோர் நிற்கிறார்கள்.

காமிராவைக் கண்டதும் படத்தில் விழவேண்டும் என்று எல்லோரும் ஒரே பக்கமாக நகர்ந்தார்கள். படகு சாய்ந்தது. அதிகாரிகள் கத்தி, அதட்டி அவர்களைத் திருப்பி அனுப்பியதால் அன்று கவிழாமல் தப்பியது.

படகின் பெயர் சுல்தானா. பணியாளர்களையும் சேர்த்து 376 பேரை ஏற்றலாம் என்று அதற்கு அனுமதி இருந்தது. அன்று அதில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2,137 பேர். படம் எடுத்து இருபத்து நான்கு மணி நேரம் ஆவதற்குள் அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அமெரிக்க நீர்வழி வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இதுவரை நடக்கவில்லை. டைட்டானிக் தெரியாத ஊரில்லை. சுல்தானா என்றால் அமெரிக்கர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இதை விபத்து என்று ஒரு சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதனைக் கரை சேர்த்தால் தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்தார்கள். அந்த விலை பல கைகளைத் தாண்டிப் போனது. எந்தக் கை தடுத்திருந்தாலும் அந்தப் படகு பிழைத்திருக்கும்.

ஆற்றுப் படகின் ஆயுள்

சுல்தானா ஒஹையோ ஆற்றங்கரையில், சின்சினாட்டி நகரத்தின் லிதர்பரி படகுப் பட்டறையில் கட்டப்பட்டு, 1863 ஜனவரியில் தண்ணீரில் இறங்கியது. 260 அடி நீளம், 42 அடி அகலம். இரண்டு பக்கமும் 34 அடி விட்டமுள்ள துடுப்புச் சக்கரங்கள். இவ்வளவு பெரிய உடம்பு, சுமையில்லாதபோது மூன்றடித் தண்ணீர்கூட இல்லாமல் மிதக்கும். மிசிசிப்பியில் இன்று மணல்மேடாக இருக்கும் இடம் நாளை ஆழமாகிவிடும், ஆழமான இடம் மேடாகிவிடும்; அடிப்பகுதி தட்டையாக இருந்தால்தான் அந்த ஆற்றில் பிழைப்பு நடத்த முடியும்.

கடல் கப்பலை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. மெல்லிய மரத்தால் ஆன தட்டையான தோணி ஒன்று. அதன்மேல் அடுக்கடுக்காக மரத் தளங்கள். பாய்லர்கள், என்ஜின்கள், விறகு, நிலக்கரி, சரக்கு மூட்டைகள், ஆடுமாடுகள், காசில்லாத பயணிகள் எல்லாம் கீழ்த்தளத்தில். அதற்கு மேலே, நீண்ட கூடமும் இருபுறமும் தனி அறைகளுமாகப் பணக்காரப் பயணிகளுக்கான தளம். அதற்கும் மேலே திறந்த தளம், பணியாளர் அறைகள். எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. படகை ஓட்டும் பைலட் அங்கே நிற்பார். மரமெல்லாம் வார்னிஷும் வெள்ளைச் சாயமும் பூசியவை. ஒரு பொறி போதும்.

இந்தப் படகுகள் சராசரியாக ஐந்து ஆண்டுகள் உழைத்தால் பெரிது. தண்ணீருக்குள் மறைந்து கிடக்கும் மரத்தூர் அடியைக் கிழிக்கும், குளிர்காலத்துப் பனிக்கட்டி நசுக்கும், தீ பிடிக்கும், பாய்லர் வெடிக்கும். எழுத்தாளர் மார்க் ட்வைன் இளம் வயதில் இந்த ஆற்றில்தான் பைலட் வேலை பழகினார். 1858இல் 'பென்சில்வேனியா' என்ற படகின் பாய்லர் மெம்ஃபிஸுக்குத் தெற்கே வெடித்தபோது அவருடைய தம்பி ஹென்றி உடல் வெந்து, சில நாட்களில் இறந்தான். முதலாளிகளுக்கு இதெல்லாம் தெரிந்த கணக்குதான். இரண்டு மூன்று ஆண்டுகளில் போட்ட முதலை எடுத்துவிட வேண்டும், அதற்குமேல் ஓடினால் லாபம். அதனால் பழுது பார்க்கப் படகை நிறுத்திவைப்பதை யாரும் விரும்புவதில்லை. 1865 ஏப்ரலில் சுல்தானாவின் வயது இரண்டே கால். ஆற்றுக்காரர்களின் கணக்கில் அது பாதி ஆயுளைத் தாண்டவிருந்த படகு.

அந்த இரண்டே கால் ஆண்டும் அது சும்மா இருக்கவில்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1863 ஜூலையில், தென் தரப்பு வைத்திருந்த ஆற்றங்கரை நகரமான விக்ஸ்பர்க் வீழ்ந்து, மிசிசிப்பி முழுவதும் வட தரப்பின் கைக்கு வந்தது. ஆறு திறந்ததும் செயின்ட் லூயிஸுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே படகுகளுக்கு நிற்க நேரமில்லை. மேலே வரும்போது பருத்தியும் சர்க்கரையும், கீழே போகும்போது ராணுவத் தளவாடமும் படைகளுமாக சுல்தானா ஓடியது. முதல் உரிமையாளர் நல்ல லாபம் பார்த்து 1864இல் அதை விற்றார். வாங்கிய கூட்டாளிகளில் ஒருவர் ஜே. காஸ் மேசன், படகின் கேப்டனும் அவர்தான்.

நான்கு பாய்லர்கள்

கதையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அந்த ஆற்றில் அதுவரை ஓடிய படகுகளில் பெரும்பாலும் பழைய மாதிரிப் பாய்லர்களே இருந்தன. நீண்ட இரும்பு உருளை, அதற்குள் பெரிதாக இரண்டு குழாய்கள், குழாய்க்குள் நெருப்பின் சூடு, சுற்றிலும் தண்ணீர். சுல்தானாவில் பொருத்தியவை புது மாதிரி. ஒவ்வொன்றும் 18 அடி நீளம், 46 அங்குல விட்டம். உள்ளே ஐந்து அங்குலக் குழாய்கள் 24. குழாய்கள் கூடியதால் சூடு தண்ணீரில் வேகமாக ஏறும், நீராவி சீக்கிரம் கிடைக்கும், எரிபொருள் மிச்சம்.

தெளிந்த நீருக்கு அது சரி. மிசிசிப்பியின் தண்ணீர் சேற்றுக் குழம்பு. அதை அப்படியே இறைத்துத்தான் பாய்லரில் விடுவார்கள். கொதிக்கக் கொதிக்க வண்டல் அடியில் தங்கும். பழைய பாய்லரில் இரண்டே குழாய், கையை விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம். 24 குழாய்கள் நெருக்கியடித்து நிற்கும் இடுக்கில் கை நுழையாது. வண்டல் படிந்த இடத்தில் தண்ணீர் இரும்பைத் தொடாது, இரும்பின் சூடு தணியாது. மேலும் மேலும் சூடேறிய தகடு இளகி, உப்பி, ஒரு நாள் பிளந்துகொள்ளும்.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. நான்கு பாய்லர்களும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். குழாய்களால் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். படகு ஒரு பக்கம் சாய்ந்தால் மேட்டில் இருக்கும் பாய்லரின் தண்ணீர் பள்ளத்தில் இருக்கும் பாய்லருக்கு ஓடிவிடும். தண்ணீர் வற்றிய பாய்லரில் தகடு பழுக்கக் காயும். படகு நிமிரும்போது தண்ணீர் திரும்பி வந்து அந்தப் பழுத்த இரும்பில் விழும். நொடியில் நீராவியாகிப் பொங்கும். தண்ணீர் மட்டம் எப்போதும் போதிய உயரத்தில் இருந்தால் இந்த ஆபத்து குறைவு. மேல்தளங்களில் ஆள் நிரம்பித் தலை கனத்த படகு, ஆற்று வளைவுகளில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சாயும்.

விக்ஸ்பர்க்கில் நடந்த பேரம்

1865 ஏப்ரல் 9 அன்று தென் தரப்பின் தளபதி லீ சரணடைந்தார். ஏப்ரல் 14 இரவு ஜனாதிபதி லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை சுல்தானா இலினாய் மாநிலத்தின் கெய்ரோ துறையில் நின்றபோது செய்தி வந்தது. போரில் தெற்கே தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்த நேரம் அது. மேசன் பத்திரிகைக் கட்டுகளை வாரிப் போட்டுக்கொண்டு, வழியெங்கும் துறை துறையாக லிங்கன் மறைந்த செய்தியைச் சொல்லிக்கொண்டே இறங்கினார்.

விக்ஸ்பர்க்கில் வேறொரு செய்தி அவருக்காகக் காத்திருந்தது. தென் தரப்பின் சிறைகளிலிருந்து விடுபட்ட ஆயிரக்கணக்கான வட தரப்புச் சிப்பாய்கள் நகருக்கு வெளியே ஃபிஸ்க் முகாமில் இருந்தார்கள். ஆண்டர்சன்வில், கஹாபா சிறைகளிலிருந்து வந்தவர்கள். ஆண்டர்சன்வில் சிறைக்குள் போன சுமார் 45,000 பேரில் ஏறத்தாழ 13,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே மாண்டார்கள். எஞ்சி வந்தவர்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். இவர்களை வடக்கே கொண்டுசேர்க்கும் படகுகளுக்கு அரசு தலைக்கணக்கில் கூலி கொடுத்தது. சிப்பாய்க்கு ஒரு தொகை, அதிகாரிக்கு அதைவிடக் கூடுதல்.

விக்ஸ்பர்க்கில் போக்குவரத்துக்கும் தளவாடத்துக்கும் பொறுப்பாக இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ரூபன் ஹாட்ச். முன்பு கெய்ரோவில் இதே வேலையில் இருந்தபோது லஞ்சப் புகாரில் சிக்கியவர். அவருடைய அண்ணன் இலினாய் மாநில அரசின் செயலாளர், லிங்கனின் நண்பர். ஒவ்வொரு முறையும் அந்தச் செல்வாக்குதான் அவரைக் காப்பாற்றியது. அந்த ஹாட்ச், கணிசமான ஆட்களை உங்கள் படகிலேயே ஏற்றித் தருகிறேன், கிடைப்பதில் எனக்குப் பங்கு கொடுங்கள் என்று மேசனிடம் பேசி முடித்தார் என்பதே இந்தச் சம்பவத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருப்பது. மேசனுக்கும் அப்போது பண நெருக்கடி. படகில் தனக்கிருந்த பங்கை விற்று விற்று, கடைசியில் பதினாறில் ஒரு பங்குதான் கையில் மிஞ்சியிருந்தது.

சுல்தானா நியூ ஆர்லியன்ஸ் போய்த் திரும்பியது. விக்ஸ்பர்க்குக்குச் சில மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு பாய்லர் ஒழுகத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்து, தட்டுத்தடுமாறி ஏப்ரல் 23 மாலை துறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆர். ஜி. டெய்லர் என்ற பாய்லர்காரர் உள்ளே இறங்கிப் பார்த்தார். ஓரிடத்தில் தகடு உப்பி, தையல் விட்டிருந்தது. அந்தத் தகட்டையே வெட்டி எடுத்துப் புதுத் தகடு போடவேண்டும், இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார்.

இரண்டு மூன்று நாள் நின்றால் ஆட்கள் வேறு படகில் போய்விடுவார்கள். மேசனும் தலைமை என்ஜினீயர் வின்ட்ரிங்கரும் டெய்லரைக் கெஞ்சினார்கள். இப்போதைக்கு ஒட்டுப் போட்டுக் கொடுங்கள், செயின்ட் லூயிஸ் போனதும் முழுதாகச் சரிசெய்துகொள்கிறோம் என்றார்கள். உப்பிய தகட்டை அடித்துத் தட்டையாக்கி, அதன்மேல் கால் அங்குலத் தடிமனுள்ள ஓர் இரும்புத் துண்டை வைத்து ரிவெட் அடித்தார் டெய்லர். அசல் தகடு அதைவிடத் தடிமனானது. ஒரே நாளில் வேலை முடிந்தது.

டெய்லரைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவருக்குத் தொழில் தெரியும். எது சரி என்று முதல் பார்வையிலேயே சொல்லிவிட்டார். முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. வாடிக்கையாளர் அவசரப்படுத்தும்போது தொழிலாளி எவ்வளவு நேரம் உறுதியாக நிற்க முடியும் என்பது எல்லா ஊர்ப் பட்டறைகளிலும் தெரிந்த விஷயம்.

பேர் எழுதாமல் ஏற்றினார்கள்

ஏப்ரல் 24 அன்று முகாமிலிருந்து ரயிலில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வழக்கமாக முதலில் பெயர்ப் பட்டியல் எழுதுவார்கள், பிறகுதான் ஏற்றுவார்கள். கேப்டன் ஃபிரடெரிக் ஸ்பீட் என்ற அதிகாரியின் கையில் பட்டியல் தயாராக இல்லை. ஏற்றும்போதே எண்ணிக்கொள்ளலாம், பட்டியலைப் பிறகு எழுதலாம் என்று கேப்டன் ஜார்ஜ் வில்லியம்ஸ் யோசனை சொன்னார். எத்தனை பேர் வரவேண்டியிருக்கிறது, எத்தனை பேர் ஏறிவிட்டார்கள் என்று முழுக் கணக்கும் தெரிந்த ஒருவர் அன்று துறையில் இல்லை.

வேறு படகுகள் இல்லாமலும் இல்லை. 'பாலின் கேரல்' என்ற படகு அன்று அதே துறையில் காலியாக நின்றது. போக்குவரத்து அதிகாரி கேப்டன் கெர்ன்ஸ் மேலதிகாரிகளிடம் போய், இவ்வளவு பேரை ஒரே படகில் ஏற்றாதீர்கள், பாதிப் பேரை அதில் அனுப்புங்கள் என்று முறையிட்டார். வில்லியம்ஸ் மறுத்தார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. பாலின் கேரல் தரப்பு ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று லஞ்சம் கொடுக்கப் பார்ப்பதாக அவர் காதுக்கு ஒரு வதந்தி வந்திருந்தது. லஞ்சத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று ஒருவரைக்கூட அந்தப் படகில் ஏற விடவில்லை. அவர் கெட்டவர் அல்ல. லஞ்சத்தைத் தடுப்பதாகவே நினைத்தார். அப்படி நினைத்தே லஞ்சம் பேசப்பட்ட படகில் அத்தனை பேரையும் அடைத்தார். பாலின் கேரல் காலியாகவே வடக்கே புறப்பட்டுப் போனது.

ஆட்கள் ஏற ஏற மேல்தளம் வளைந்து தொங்கியது. அடியில் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். விடுதலையான கைதிகள் சுமார் 1,960 பேர், காவலுக்கு 22 பேர், பயணிகள் சுமார் 70 பேர், பணியாளர் 85 பேர். இரவு சுமார் ஒன்பது மணிக்குப் படகு புறப்பட்டது.

ஏறியவர்களில் பெரும்பாலோர் ஒஹையோ, இண்டியானா, மிச்சிகன், கென்டகி, டென்னசி மாநிலங்களின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் பிறகு எழுதியவற்றில் நெரிசலைப் பற்றிப் புலம்பல் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒலிப்பது சந்தோஷம். போர் முடிந்துவிட்டது, உயிரோடு இருக்கிறோம், வீட்டுக்குப் போகிறோம். சமைக்க வசதி போதாமல் பலர் உப்புக்கண்டத்தைப் பச்சையாகவே தின்றார்கள். தாகத்துக்குக் கலங்கிய ஆற்று நீர். படுக்க இடமில்லாதவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு தூங்கினார்கள். ஆண்டர்சன்வில்லில் கிடந்து வந்தவர்களுக்கு இதுவும் ஒரு சுகமாகத்தான் இருந்திருக்கும்.

ஏப்ரல் 27, இரவு இரண்டு மணி

26ஆம் தேதி மாலை மெம்ஃபிஸில் நின்று, அடியறையில் இருந்த சுமார் 120 டன் சர்க்கரையை இறக்கினார்கள். கீழே இருந்த கனம் போய்விட்டது. மேலே ஆட்களின் கனம் அப்படியே இருந்தது. ஊர் சுற்றிப் பார்க்க இறங்கிய சிலர் நேரத்துக்குத் திரும்பாமல் படகைத் தவறவிட்டார்கள். தவறவிட்டதால் பிழைத்தார்கள். நள்ளிரவுக்குப் பின் எதிர்க்கரைப் பக்கம் நிலக்கரி ஏற்றிக்கொண்டு சுல்தானா வடக்கே திரும்பியது.

அந்த வசந்தத்தில் மிசிசிப்பியில் பெருவெள்ளம். வடக்கே உருகிய பனி நீரெல்லாம் சேர்ந்து கரை எது, ஆறு எது என்று தெரியாமல் மைல் கணக்கில் பரந்து கிடந்தது. கரையோர மரங்கள் உச்சி மட்டும் தெரிய மூழ்கி நின்றன. நீரோட்டத்தை எதிர்த்து ஏறப் பாய்லர்கள் முழு அழுத்தத்தில் வேலை செய்தன. மெம்ஃபிஸுக்கு ஏழு மைல் மேலே, தீவுக் கூட்டம் ஒன்றைக் கடக்கும்போது, இரவு இரண்டு மணி வாக்கில் பாய்லர்கள் வெடித்தன. நான்கில் மூன்று.

வெடிப்பு கீழிருந்து மேலாகச் சாய்வாகக் கிழித்துக்கொண்டு போனது. மேலே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பலகையோடும் கம்பியோடும் வானத்தில் எறியப்பட்டு ஆற்றில் விழுந்தார்கள். பைலட்டின் கூண்டு சிதறியது. இரட்டைப் புகைபோக்கிகளும் சாய்ந்தன. ஒன்று வெடித்த பள்ளத்துக்குள், மற்றொன்று முன்பக்கத்துக் கூட்டத்தின் மேல். நடுத்தளங்கள் இடிந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழ, இடையில் அகப்பட்டவர்களின் மேல் அடுப்பின் கங்குகள் கொட்டின. உலர்ந்த மரம் பற்றிக்கொண்டது.

முதலில் காற்று தீயைப் பின்பக்கம் தள்ளியது. முன்பக்கம் இருந்தவர்கள் தப்பிவிட்டதாக நினைத்தார்கள். பிறகு சக்கரப் பெட்டிகளில் ஒன்று எரிந்து சரிந்தது. படகு ஆற்றோட்டத்தில் சுழன்று திரும்பியது. தீயும் திசை மாறி முன்பக்கம் பாய்ந்தது. அதற்குமேல் தண்ணீரைத் தவிர வழியில்லை.

நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் குதித்தார்கள். நீச்சல் தெரிந்தவர்களை, தெரியாதவர்கள் பிடித்துக்கொண்டு கூட்டமாக மூழ்கினார்கள். பனி உருகிய நீர்; மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு அந்தக் குளிரை எவ்வளவு நேரம் தாங்கும்? கதவு, பலகை, பீப்பாய், செத்த குதிரையின் உடல் என்று கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார்கள். படகில் பணியாளர்கள் வளர்த்த ஒரு முதலை மரப்பெட்டியில் இருந்தது. ஒஹையோவைச் சேர்ந்த வில்லியம் லூகன்பீல் அதைத் துப்பாக்கிக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டு, பெட்டியை ஆற்றில் தள்ளி, அதற்குள் படுத்துக்கொண்டு மிதந்தார். பிழைத்தார். தன்னை நோக்கி நீந்தி வந்தவர்களைக் காலால் தள்ளிவிட்டதையும் பின்னாளில் அவரே மறைக்காமல் சொன்னார்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, வடக்கேயிருந்து வந்துகொண்டிருந்த 'பொஸ்டோனா' என்ற படகு நெருப்பைக் கண்டு விரைந்து வந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கியது. மெம்ஃபிஸுக்கோ விஷயம் ஆற்று வழியாகத்தான் போனது. இருட்டில் ஏழு மைல் மிதந்து வந்தவர்களின் கூக்குரல் துறையில் கேட்ட பிறகே கடற்படையின் படகுகளும் மற்றவையும் கிளம்பின.

ஆர்கன்சாஸ் கரையில் இருந்தவர்கள் தோற்ற தரப்பின் ஆட்கள். சில வாரங்களுக்கு முன்புவரை நீலச் சட்டை போட்ட இதே வட தரப்புச் சிப்பாய்களை நோக்கிச் சுட்டவர்களும் அவர்களில் உண்டு. அந்தக் கரையைச் சேர்ந்த ஜான் ஃபோகல்மன் கையில் படகு இல்லை. மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டித் தெப்பமாக்கி, எரிந்துகொண்டிருந்த சுல்தானாவை நோக்கித் துழாவிக்கொண்டு போனார். அதில் தொங்கிக்கொண்டிருந்த கடைசி ஆட்களைச் சில சில பேராக இறக்கி, அருகிலிருந்த மர உச்சிகளில் விட்டுவிட்டு மறுபடி போனார். வெள்ளத்தில் மூழ்கிய மரக் கிளைகளில் விடியும்வரை உட்கார்ந்திருந்து பிழைத்தவர்கள் பலர். காலையில் எரிந்த கூடு ஆர்கன்சாஸ் பக்கம் ஒதுங்கி மூழ்கியது. மேசனும் இறந்தார், கடைசிவரை தண்ணீரில் இருந்தவர்களுக்குப் பலகைகளை எறிந்துகொண்டிருந்தார் என்று பிழைத்தவர்கள் சாட்சி சொன்னார்கள்.

வாரக்கணக்கில் உடல்கள் கிடைத்துக்கொண்டிருந்தன. அவர்கள் புறப்பட்ட விக்ஸ்பர்க் வரை சில உடல்கள் திரும்பி வந்தன.

யாரும் தண்டிக்கப்படவில்லை

மூன்று விசாரணைகள் நடந்தன. பாய்லரில் தண்ணீர் குறைவு என்றது ஒரு கருத்து; ஒட்டுப் போட்ட இடமே காரணம் என்றது இன்னொன்று; நெரிசலால் படகு சாய்ந்து சாய்ந்து போனதைப் பலர் சுட்டினார்கள். பல ஆண்டுகள் கழித்து, தென் தரப்பின் உளவாளி ஒருவன் நிலக்கரிக்குள் வெடியை வைத்தான் என்றும் கதை கிளம்பியது; அதற்கு உறுதியான சான்று இல்லை. அடுத்த ஆண்டே இதே மாதிரிப் பாய்லர் கொண்ட இன்னும் இரண்டு படகுகள் வெடித்த பிறகு, கீழ் மிசிசிப்பியின் படகுகளிலிருந்து அந்த மாதிரிப் பாய்லர்களைக் கழற்றி எறிந்தார்கள். பாய்லர்களைச் சோதித்துப் பார்த்துக் காப்பீடு செய்யும் ஹார்ட்ஃபர்ட் நிறுவனம் 1866இல் தொடங்கியது. அதன் பொறியாளர்கள் நூற்றைம்பது ஆண்டு கழித்து இந்த வெடிப்பை மறுபடி ஆராய்ந்து, தொடர்ந்து சூடேறினால் நொறுங்கும் தன்மையுள்ள இரும்பு, சேற்று வண்டல், சுத்தம் செய்ய வழியில்லாத குழாய் அமைப்பு ஆகியவற்றைக் காரணமாகக் காட்டினார்கள்.

சட்டத்தின் முன் நின்றவர் ஸ்பீட் ஒருவர்தான். ராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. ராணுவத்தின் தலைமைச் சட்ட அதிகாரி அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தார். வில்லியம்ஸ் மீது வழக்கே இல்லை. ஹாட்ச் ராணுவத்தை விட்டு விலகிக்கொண்டார். சாட்சி சொல்ல வரச்சொல்லி அழைப்பாணைகள் போயும் நீதிமன்றத்தின் படியேறவில்லை. லஞ்சத்தை நிரூபிக்கக்கூடிய இன்னொரு வாய் மேசனுடையது. அது ஆற்றோடு போயிற்று.

பத்திரிகைகளும் அதிகம் எழுதவில்லை. லிங்கனைச் சுட்ட பூத் ஏப்ரல் 26 அன்று கொல்லப்பட்டான். அதே நாளில் தென் தரப்பின் இன்னொரு பெரும் படை சரணடைந்தது. லிங்கனின் உடலைச் சுமந்த ரயில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. நான்கு ஆண்டுகளாக ஆயிரம் ஆயிரமாகச் சாவுச் செய்தி படித்த நாடு, மேற்கே ஓர் ஆற்றில் செத்துப்போன சாதாரணச் சிப்பாய்களுக்காக நின்று அழ மனமில்லாமல் இருந்தது. அவர்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்று கேட்டவர்கள் பிழைத்தவர்களே. ஆண்டுதோறும் கூடினார்கள். அவர்களில் ஒருவரான செஸ்டர் பெர்ரி, தோழர்களின் நினைவுகளைக் கேட்டுத் தொகுத்து 1892இல் புத்தகமாக்கினார். அவர் அதைச் செய்திராவிட்டால் இந்தக் கட்டுரையில் உள்ள பல விஷயங்கள் நமக்குக் கிடைத்திருக்காது. டென்னசியின் நாக்ஸ்வில் அருகே 1916இல் ஒரு கல்லும் எழுப்பினார்கள்.

மிசிசிப்பி தன் தடத்தை மாற்றிக்கொள்ளும் ஆறு. சுல்தானா கிடந்த இடத்தை விட்டு அது கிழக்கே நகர்ந்துவிட்டது. 1982இல் ஜெர்ரி பாட்டர் என்ற மெம்ஃபிஸ் வழக்கறிஞர், பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு ஆர்கன்சாஸ் பக்கத்து சோயா வயல் ஒன்றில் தோண்ட ஏற்பாடு செய்தார். சுமார் 32 அடி ஆழத்தில் கருகிய பலகைகள் கிடைத்தன. அருகிலுள்ள மேரியன் ஊரில் 2015இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். தெப்பம் கட்டிப் போன ஃபோகல்மனின் வம்சத்தார் இன்னமும் அந்த வட்டாரத்தில் வாழ்கிறார்கள்.

இறந்தவர்கள் எத்தனை பேர்? சுங்கத் துறை அன்று சொன்னது 1,547. நூறாண்டுக்கும் மேலாகப் பல புத்தகங்களில் 1,800 என்று அச்சானது. ராணுவப் பதிவேடுகளையும் மருத்துவமனைக் குறிப்புகளையும் ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டு ஆராய்ந்த ஜீன் சாலக்கர் என்ற வரலாற்றாசிரியர் 1,169 என்கிறார். ஒரு எண்ணுக்கும் இன்னொரு எண்ணுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மனிதர்கள். அன்று விக்ஸ்பர்க் துறையில், ஏற்றுவதற்கு முன் உட்கார்ந்து பெயர்களை எழுதியிருந்தால் இந்த ஆராய்ச்சிக்குத் தேவையே இருந்திருக்காது. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் பட்டியலைத்தான் இப்போது ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.